மர விதையும் அதன் ஆயுளும்

நெல் விதையைக் காப்பாற்றும் முறையை நம் விவசாய அங்கத்தினர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. முற்றிய கதிரைத் தேர்ந்து, நன்றாகக் காயவைத்துக் கோட்டை கட்டிவிட்டால் அடுத்த பட்டம் வரையில் அது பழுதின்றி இருக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. ஆனால் இந்த நல்ல அறிவே மர விதைகளின் விஷயத்தில் பல சமயம் நம்மை ஏமாற்றிவிடுகிறது. மர விதைகள் எல்லாம் நெல்லின் இயல்பு உடையவை அல்ல. உலர்த்தினால் வாழ்பவை சில. உலர்த்தினால் மடிபவை சில. உயிரோடிருந்தும் எளிதில் விழித்துக்கொள்ளாதவை சில. இவ்வேறுபாட்டை அறியாமல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி ஒரே மூலையில் வைப்பதால் நேரும் நஷ்டம் சிறிதன்று.

சங்கங்களின் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கச் செல்லும்போது, உரக் கிடங்கின் ஒரு கோடியில், யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்தில், இத்தகைய விதைச் சாக்குகளை நாம் கண்டதுண்டு. பதிவேட்டில் எடை இருக்கும். கொள்முதல் விலையும் ரசீது எண்ணும் இருக்கும். எந்த மாதத்தில் மரத்திலிருந்து பறித்த விதை என்ற குறிப்பு மட்டும் இராது. கணக்கின்படி அது சங்கத்தின் சொத்து. அதில் உயிர் உள்ளதா என்பதைப் பற்றிக் கணக்கு ஒன்றும் சொல்வதில்லை. அந்த விதையை வாங்கிச் சென்ற அங்கத்தினர் பாத்தி அமைத்து, நீர் பாய்ச்சி, மூன்று வாரம் காத்திருந்து, ஒன்றும் முளைக்காதபோது ஒரு பருவத்தையே இழக்கிறார். அவர் பெற்ற கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் முளைத்துவிடுகிறது.

இதன் முக்கியத்துவத்தைக் கடலூர் வட்டாரத்தார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், முந்திரித் தோப்புகளையும் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் சவுக்குத் தோப்புகளையும் ஒரே காலைப் பொழுதில் சாய்த்துவிட்டது. அத்தகைய அழிவுக்குப் பின் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கன்றுகள் தேவைப்படுகின்றன. அப்பொழுது விதையைத் தேடிப் புறப்படுகிறவர் கிடைத்ததை, கேட்ட விலைக்கு வாங்குகிறார். புயல் நம் கடற்கரைக்குப் புதியதன்று, மீண்டும் வரும். ஆகையால் எந்த விதையை இருப்பில் வைக்கலாம், எதை வைக்கவே முடியாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நம் சங்கங்களுக்கு அவசியமாகிறது.

விதை என்பது உறங்கும் உயிர். உறங்கும்போதும் அது சிறிது மூச்சு விடுகிறது; தன்னுள் உள்ள உணவைச் சிறிது சிறிதாகச் செலவிடுகிறது. ஈரமும் வெப்பமும் மிகுந்தால் அந்தச் செலவும் மிகுகிறது. பூஞ்சணமும் புழுவும் வந்து சேர்கின்றன. ஈரம் குறைந்தால் மூச்சு அடங்கி ஆயுள் நீள்கிறது. அமெரிக்க விதையியலார் ஹாரிங்டன் இதற்கு எளிதில் நினைவில் நிற்கும் ஒரு கணக்கை வகுத்தார். விதையின் ஈரப்பதம் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் அதன் ஆயுள் இருமடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறையுந்தோறும் அவ்வாறே இருமடங்காகும் என்பது அது. தோராயமான கணக்குத்தான். ஈரம் நூற்றுக்கு 14-க்கும் 5-க்கும் இடைப்பட்டிருக்கும்போதே இது பொருந்தும். அதிலும் உலர்வைத் தாங்கும் விதைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

இங்கே நம் நெசவாள அங்கத்தினர்கள் ஒரு விஷயத்தை மற்றவர்களைவிட விரைவில் உணர்ந்துகொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவுக்குப் போட்ட கஞ்சி உலர்வதில்லை. கிடங்கிலுள்ள நூலின் எடையும் சற்றுக் கூடிவிடுகிறது. நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதே காரணம். விதையும் அப்படியே. எவ்வளவு பக்குவமாக உலர்த்தினாலும், சாக்கிலோ துணிப் பையிலோ கட்டிக் கடற்கரை ஊரில் திறந்து வைத்தால், அது மீண்டும் காற்றின் ஈரத்துக்கு வந்துவிடும். உலர்த்துவது பாதி வேலை. உலர்ந்ததைக் காற்றுப் புகாமல் அடைப்பது மறு பாதி.

1973-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராபர்ட்ஸ் என்ற அறிஞர் விதைகளை இரண்டு பெரும் பிரிவாக வகுத்தார். உலர்த்திக் குளிரில் வைத்தால் நெடுங்காலம் வாழ்பவை ஒரு பிரிவு. உலர்வையே தாங்காதவை மற்றொரு பிரிவு. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பிரிவும் உண்டு என்று 1990-இல் அவரும் அவருடைய சகாக்களும் கண்டனர். முதற் பிரிவின் ஆற்றலுக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். இஸ்ரேல் நாட்டில் மசாடா என்ற பழைய மலைக்கோட்டையில் தோண்டியெடுத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதை ஒன்று 2005-ஆம் ஆண்டில் ஊன்றப்பட்டு முளைத்தது. பாலைவனத்து வறட்சியே அதைக் காத்தது. அதே வறட்சியில் நம் இலுப்பை விதையை வைத்திருந்தால் சில வாரங்கள்கூடத் தாங்கியிராது.

இனி நம் பகுதிக்கு மிகவும் வேண்டிய சவுக்கை எடுத்துக்கொள்வோம். சவுக்கு நம் நாட்டுக் கீழ்க்கரைக்குப் பின்னால் வந்து சேர்ந்த மரம். சென்னை மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டில் இரயில் எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டபோது அது பெருமளவில் பயிராகத் தொடங்கியது. இன்று எஞ்சின் விறகு என்ற தேவை மறைந்துவிட்டது. சாரக் கம்பமும் காகிதக் கூழுமே அதன் சந்தை. கடலூர், சிதம்பரம் பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களுக்கு இதைவிட விரைவில் பணம் தரும் மரப் பயிர் வேறில்லை என்றே சொல்லலாம்.

சவுக்கு ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது. ஒரு காய்ப்பு ஜூன் வாக்கிலும் மற்றொன்று டிசம்பர் வாக்கிலும் முதிர்கின்றது. காயின் பசுமை மாறி மஞ்சளும் பழுப்பும் கலந்து வரும்போது, வாய் திறப்பதற்கு முன், பறித்துவிட வேண்டும். திறந்த காயில் விதை இராது. அதற்குச் சிறகு உண்டாதலால் காற்று கொண்டுபோயிருக்கும். பசுங்காயைப் பறித்தாலோ விதை இருக்கும், முளைப்பு இராது. மரம் வெட்டும் நாளன்று கீழே விழுந்த கிளைகளிலிருந்து முற்றியதும் முற்றாததுமாகக் காய்களை உருவிச் சேர்க்கும் வழக்கத்தை நாம் சிறிதும் ஆதரிப்பதற்கில்லை. நேராகவும் உயரமாகவும் வளர்ந்த, நோயற்ற, நடுவயதுள்ள பல மரங்களிலிருந்து காய் சேர்ப்பதே முறை. ஒரே மரத்தின் விதையைக்கொண்டு தோப்பு முழுவதையும் அமைப்பதும் நல்லதன்று.

பறித்த காய்களைத் துணியின்மேல் மெல்லப் பரப்பி, மேலே மற்றொரு மெல்லிய துணியால் மூடி இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் காய்கள் வாய் திறந்து விதைகளை உதிர்க்கும். மேல் துணி இல்லாவிட்டால் பிற்பகற் கடற்காற்று விதையைப் பகிர்ந்துகொள்ளும். காயை நீக்கிச் சலித்தெடுத்த விதை மிக நுண்ணியது. ஒரு கிலோவில் பல இலட்சம் இருக்கும். அவற்றில் உள்ளீடற்ற பதர் கணிசமாக இருப்பது இம்மரத்தின் இயல்பு. புத்தம் புதிய நல்ல விதையிலேயே நூற்றுக்கு 40 முதல் 70 வரை முளைப்பதே வழக்கம். ஆகையால் நூற்றுக்கு நூறு முளைக்கும் என்று சொல்லிச் சவுக்கு விதை விற்பவரிடம் சற்று ஜாக்கிரதையாகவே இருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் நடவு செய்ய விரும்புவோர், ஜூன் மாதத்துக் காயின் விதையை உடனே பாத்தியில் தூவிவிடலாம். சேமிப்பு என்ற பிரச்சினையே எழாது. டிசம்பர் காயின் விதைதான் கவனத்துக்குரியது. அது கோடை முழுவதையும் கடந்து வர வேண்டும். சாதாரண அறையில், சாதாரணப் பையில் வைத்த சவுக்கு விதை சில மாதங்களிலேயே முளைப்புத் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. உலர்த்திக் காற்றுப் புகாத கொள்கலத்தில் அடைத்துக் குளிர்ச்சியில் வைத்தால் இரண்டாண்டு வரையிலும் அது பயன்படும். குளிர்ப்பதனப் பெட்டியின் ஒரு தட்டுப் போதும். ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியில் அடங்கும் விதை ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கு ஆதாரமல்லவா?

விதை போதிய அளவு உலர்ந்ததா என்று அறியக் கருவி இல்லாதவர்கள் உப்பைக்கொண்டே ஓரளவு சோதிக்கலாம். நன்றாக உலர்ந்த ஒரு கண்ணாடிப் புட்டியில் விதையையும், வெயிலில் காய்ந்த பொடியுப்பையும் இட்டு மூடி நன்றாகக் குலுக்கிச் சிறிது நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதையில் ஈரம் நூற்றுக்கு 15-க்கு மேல் உள்ளது என்று கொள்ளலாம். ஒட்டாவிட்டால் அதற்குக் குறைவு. இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். பதினைந்துக்குக் குறைவு என்பது அடைத்து வைக்கப் போதுமானதன்று. எட்டுக்குக் கீழே இறங்குவது நல்லது. ஆகையால் உப்பு ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் இளவெயிலிலும் நிழலிலுமாக இன்னும் இரண்டொரு நாள் உலர்த்தி, சூடு ஆறிய பின்னரே அடைக்க வேண்டும். புட்டியினுள் ஒரு சிறு துணி முடிச்சில் உலர்ந்த அடுப்புக்கரியை இடுவது எஞ்சிய ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஈர விதையைக் காற்றுப் புகாமல் அடைப்பதோ, அடைக்காமல் விடுவதைவிடக் கேடானது. அது தன் மூச்சின் வெப்பத்திலேயே அவிந்துபோகும்.

தேக்கும் கருவேலும் வேறு வகை. இவற்றைக் காப்பது எளிது, எழுப்புவதே அரிது. தேக்கின் கொட்டையுள் நான்கு அறைகள் வரை உண்டு, ஓடு தடித்தது. புதிய கொட்டையைவிட ஓராண்டு பழகிய கொட்டை மேலாக முளைக்கும் என்பது அனுபவ உண்மை. இரவெல்லாம் நீரில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைப்பதை ஒரு வாரத்துக்குக் குறையாமல் மாறி மாறிச் செய்து ஊன்றுவது வழக்கம். அப்போதும் எல்லாம் ஒரே நாளில் முளைக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. பாத்தியைச் சீக்கிரமாகக் கலைத்துவிடவும் கூடாது. கருவேல் விதைக்குப் புறத்தோல் நீரை உட்புக விடாது. கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய நீரில் விதையை இட்டு, அந்நீர் ஆறும்படி ஓர் இரவு வைத்திருப்பது போதும். நம் கிராமத்தார் இதைவிடச் சுலபமான உபாயத்தை முன்பே அறிவர். காயைத் தின்ற ஆடுகள் கிடையில் விட்டுச் சென்ற விதைகளைப் பொறுக்கி வந்து விதைப்பார்கள். ஆட்டின் வயிறு செய்த வேலையை நாம் வெந்நீரால் செய்கிறோம், அவ்வளவே.

இனி வருவதுதான் மிகுதியும் தவறு நேரும் இடம். வேம்பு, இலுப்பை, பலா ஆகியவற்றின் விதைகளை நெல்லைப்போல் காயவைத்து மூட்டை கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேப்பம்பழம் நம் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் உதிர்கிறது. பழத்தைக் குவித்து வைத்தால் சதை புளித்துச் சூடேறி விதையைக் கெடுத்துவிடும். பசுமை மாறி மஞ்சளாகிவரும் பழத்தை அன்றே சேகரித்து, அன்றே நீரில் பிசைந்து சதையை நீக்கிக் கழுவி, நிழலில் மெல்லப் பரப்பி இரண்டு மூன்று நாள் காற்றாட விட வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்குள் விதைத்துவிடுவதே உத்தமம். எண்ணெய்க்காக வாங்கிய வேப்பங்கொட்டையிலிருந்து ஒரு பகுதியை எடுத்து நாற்றங்காலுக்கு விடுவது எண்ணெய்க் கணக்குக்குச் சரியாக இருக்கலாம், நாற்றங்காலுக்குச் சரியன்று. ஐயம் எழுந்தால் பத்துக் கொட்டைகளை உடைத்துப் பருப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். பச்சை நிறம் இருந்தால் உயிர் உண்டு. பழுப்பேறியிருந்தால் அது எண்ணெய்க்கே உரியது.

இலுப்பைக்கு இந்த இரண்டு வாரத் தவணையும் அதிகம். வௌவால்கள் சதையைத் தின்று கீழே போட்ட புதிய கொட்டைகளை விடியற்காலையில் பொறுக்கி, அன்றோ மறுநாளோ ஊன்றுவது நல்லது. பலாக்கொட்டையும் இப்படியே. வழவழப்பைக் கழுவிவிட்டுச் சில நாட்களில் ஊன்ற வேண்டும். இவற்றை வெகுதூரம் அனுப்ப நேர்ந்தால், பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரமான மணலிலோ தென்னைநார்க் கழிவிலோ கலந்து, காற்றோட்டமுள்ள கூடையில் நிழலில் வைத்து அனுப்பலாம். குளிர்ப்பதனப் பெட்டி இவற்றுக்கு உதவாது. சவுக்கைக் காக்கும் குளிரே பலாக்கொட்டையைக் கொன்றுவிடும்.

உலர்வைத் தாங்காமையின் எல்லையைக் காண விரும்புவோர் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரத்துக்குச் செல்லலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கழிமுகத்தில் வளர்ந்துள்ள அச்சதுப்பு நிலக் காடு 2022-ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தில்லை மரம் வளர்ந்த நிலம் இது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததும் அம்மரத்தினாலேயே. அங்குள்ள சுரபுன்னையின் விதை உறங்குவதே இல்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு, பின்னர் சேற்றில் விழுந்து வேரூன்றுகிறது. அல்லது நீரில் மிதந்து வேறு கரையை அடைகிறது. வெண்கண்டலின் விதையும் மரத்திலேயே பாதி முளைத்துவிடும். நீரில் விழுந்ததும் தோலைக் கழற்றிவிட்டு வேர்விடத் தொடங்கும். இத்தகைய விதைக்குக் கிடங்கு ஏது? சேகரிக்கிறவரும் நடுகிறவரும் ஒரே வாரத்தில் வேலை செய்தாக வேண்டும்.

பிச்சாவரத்தில் கற்கத்தக்க மற்றொன்றும் உண்டு. முற்காலத்தில் கூப்பு முறையில் காட்டை மொட்டையாக வெட்டிய இடங்களில், மண் தாழ்ந்து நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்துவிட்டது. சுற்றிலும் எத்தனை விதை மிதந்து வந்தாலும் அங்கே ஒன்றும் தழைக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன் முள்ளின் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்த பிறகே அந்நிலங்களில் கன்றுகள் பிழைத்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது இக்காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவாக இருந்தது என்பதை அப்பகுதியார் நன்கு அறிவர்.

இறுதியாகச் சங்க நிர்வாகத்தாரின் பார்வைக்கு ஒரு கணக்கு. மர விதையை எடைக்கு வாங்குவது வழக்கம். வாங்க வேண்டியது எடை அன்று, முளை. எடுத்துக்காட்டாக, ஒருவர் கிலோ 1,000 ரூபாய்க்கும் மற்றொருவர் 600 ரூபாய்க்கும் சவுக்கு விதை தருவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் விதையில் நூற்றுக்கு 50 முளைக்கிறது. இரண்டாமவர் விதையில் 20 முளைக்கிறது. முளைப்பு விழுக்காடு ஒன்றுக்கு முன்னதில் 20 ரூபாய், பின்னதில் 30 ரூபாய் ஆகிறது. மலிவான விதையே விலை மிகுந்தது. குறைந்த விலைப்புள்ளி என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாமவரிடம் வாங்கும் தீர்மானம் தணிக்கையில் தப்பலாம், பாத்தியில் தப்பாது.

இச்சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சாக்கின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் விதை எடுத்துக் கலந்து, பொறுக்காமல் நூறு விதையை எண்ணி, தட்டில் விரித்த ஈரத் துணியின்மேல் பரப்பி, மற்றோர் ஈரத் துணியால் மூடி நிழலில் வைத்தால் போதும். தறியிலிருந்து கழிக்கப்பட்ட பருத்தித் துண்டு இதற்கு மிகவும் ஏற்றது. கஞ்சி போகக் கழுவிவிட வேண்டும். துணி உலராமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டு, சவுக்குக்கு இரண்டு மூன்று வாரம் வரை தினமும் முளைத்ததை எண்ணி நீக்கிவர வேண்டும். தட்டை நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தின் நடுவே ஒரு கல்லின்மேல் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் நாம் எண்ணுவதற்கு முன்பே எறும்புகள் எண்ணி எடுத்துப் போய்விடும். பாத்தியிலும் சவுக்கு விதைக்கு முதற் பகை எறும்பே.

சோதனையில் வந்த எண்ணிக்கையை இருப்புப் பதிவேட்டில் எடைக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க ஒரு பத்தி ஒதுக்கலாம். மரத்தின் பெயர், காய் பறித்த ஊர், பறித்த தேதி, சோதித்த தேதி ஆகியவற்றையும் அதனருகில் குறிப்பது தகும். இதே குறிப்பை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிப் புட்டியினுள் ஒன்றும், வெளியே ஒன்றுமாக வைக்க வேண்டும். மையால் எழுதிய வெளிச்சீட்டு ஒரே மழைக்காலத்தில் அழிந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இருப்பை விற்பனைக்கு முன் மறுபடியும் சோதித்து, புதிய எண்ணைப் பழைய எண்ணுக்குக் கீழே எழுதலாம். வேம்புக்கும் இலுப்பைக்கும் இந்தப் பத்தி தேவைப்படாது; ஆனி பிறப்பதற்கு முன் அவற்றுக்குப் பாத்தி தயாராக இருந்தால் போதும்.